முகம் மட்டும் மறைத்தால் போதும்

வந்துட்டாங்க. வரேன் வரேன்னு சும்மா சொல்றாங்க, இவ்ளோ தூரம் யார் வரப் போறாங்கன்னு நினைச்சிருந்தேன், வந்தே உட்கார்ந்துட்டாங்க. மூணாவது வரிசையும் நாலாவது வரிசையும் முழுக்க எங்க ஆளுங்க. கரூர்லேர்ந்து வேன் பிடிச்சு, பொம்பளைங்க எல்லாம் தலை நிறையப் பூ வச்சுக்கிட்டு, கல்யாண வீட்டுக்கு வர்ற மாதிரி வந்திருக்காங்க. அமுதவல்லிக்குக் கல்யாணம்தான் நடக்கலை, இதுவாவது நடக்கட்டும்னு நினைச்சிருப்பாங்க. முன்னாடி ரெண்டு வரிசையில டிபார்ட்மென்ட் ஆளுங்க, எம்.ஏ. பிள்ளைங்க, அட்டெண்டன்ஸ் தர்றேன்னு பிடிச்சுட்டு வந்து உட்கார வச்சது. எல்லாம் காது கேக்கிறவங்க. அங்க வாய் அசையுது, கை சும்மா கிடக்கு. எங்க வரிசையில கை ஓயவே இல்ல. இந்த மின்விசிறி என்ன இவ்ளோ மெதுவா சுத்துது, அந்தப் புள்ள எப்படிக் கொழுத்துட்டான், அமுதா என்ன புடவை கட்டியிருக்கா பாருன்னு ஒரே பேச்சு. எங்க காது கேளாதோர் சங்கத் தலைவர் ஆரோக்கியம் அண்ணன் என்னைப் பாத்ததும் விரலைப் புருவத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினார். அதுதான் என் பேர். புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கிறவ. அமுதவல்லிங்கிறது சர்ட்டிபிகேட்ல, வெளிய கட்டியிருக்கிற பிளெக்ஸ்ல. 'நீ டாக்டர் ஆகுற, நாங்க எல்லாரும் ஆகுறோம்'னார். நானும் தலையை ஆட்டிக்கிட்டே அவருக்குப் பக்கத்துல பாத்தேன், தனபால். தனபாலுக்குப் பக்கத்துல பூங்கோதை. அடிப்பாவி, நீ எதுக்குடி வந்த?

எதுக்கு வருவா, புருஷன் கிளம்புன்னு சொல்லியிருப்பான். வரலைன்னா ஏன் வரலைன்னு கேப்பான். அதனால வந்திருக்கா. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கா. பயம் கூட இல்ல மூஞ்சியில. ஏன் பயப்படணும், நான்தான் சொல்லியிருக்கேனே, ஒண்ணும் ஆகாது, முகத்தை மறைச்சிருவோம்னு. கடைசிக்கு முந்தின ஸ்லைடுல, என் ஆராய்ச்சிக்காக அவளை எடுத்த வீடியோ இருக்கு. மஞ்சச் சுவருக்கு முன்னாடி ஒரு பொம்பளை உட்கார்ந்து கையால பேசுறா. முகம் இருக்கிற இடத்துல சாம்பல் கலர்ல ஒரு வட்டம் மிதக்குது. அந்த வட்டத்தைப் போட்டா ஆள் அடையாளம் தெரியாதுன்னு நெறிமுறைக் குழு சொல்லுச்சு. நானும் சரின்னுட்டேன். நான் எப்படிச் சரின்னேன்? மத்தவங்க சொன்னாங்க, சரி, அவங்களுக்குத் தெரியாது. எனக்குமா? கேக்கிறவங்களுக்குக் குரல் மாதிரி எங்களுக்குக் கை. கதவுக்கு அந்தப் பக்கம் இருமினாக்கூட இன்னார்னு அவங்க சொல்லிருவாங்களாமே, அது மாதிரி நாங்க பஸ் ஜன்னல்ல ஒரு கை அசையறதைப் பாத்தே யாருன்னு சொல்லிருவோம். முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறவன் முழங்கையை வச்சே சொல்லிருவோம். அவ கையைத் தனபாலுக்குத் தெரியாதா? சோறு போடவா, பாப்பாவுக்குக் காய்ச்சல் அடிக்குது, கரண்ட் பில் கட்டினீங்களா, எல்லாத்தையும் அந்தக் கைதானே அவன்கிட்ட சொல்லியிருக்கு. ஒரே ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. முகத்துல வட்டம் போட்டா என்ன, கோணிப்பையைப் போட்டு மூடினா என்ன.

முகம் வேணும்னுதான் நான் சண்டையே போட்டேன், அதை நினைச்சா இப்ப அழுகையா வருது. எங்க இலக்கணமே முகத்துல இருக்கு, புருவம் தூக்கினா கேள்வி, கன்னத்தை உப்பினா பெரிசு, தலையைத் திருப்பினா வேற ஆள் பேசுறான்னு அர்த்தம், முகத்தை அழிச்சா பாதி வாக்கியம் போச்சுன்னு எழுதி எழுதிக் கொடுத்தேன். குழுவுல ஒருத்தர், பெரிய மனுஷர், ஒரு தாளை எடுத்து 'கைதான் தெரியுதேம்மா, அது போதாதா?'ன்னு எழுதி எனக்குக் காட்டினார். எனக்கு ரத்தம் கொதிச்சுது. முகம் முகம்னு அவரோட மல்லுக்கட்டினதுல கையைப் பத்தி யோசிக்கவே இல்ல. கை தெரியுதேன்னு அந்த ஆளே எழுதிக் காட்டியும் எனக்கு உறைக்கலை. ஏன் உறைக்கலை? யார் பாக்கப் போறாங்கன்னு நினைச்சேன்? அந்த மாதிரி ஆளுங்கதான் பாப்பாங்க. எங்க ஆளுங்க எந்தக் காலத்துல தீசிஸ் படிச்சாங்க? இத்தனை பக்கம் எழுதியிருக்கேன், எங்களைப் பத்தி, ஒரு பக்கம் கூட எங்களுக்கு இல்ல. எல்லாம் அந்த முன்வரிசைக்கு. எழுதி எழுதி என் கண்ணும் முன்வரிசைக் கண்ணாயிடுச்சு போல. இன்னைக்கு அந்த வரிசையில தனபாலைப் பாத்தப்பதான் எனக்குப் பழைய கண்ணு வந்துது.

கன்வீனர் மைக்கைப் பிடிச்சாச்சு. பொது வாய்மொழித் தேர்வு. பேர்லயே வாய். எபி எனக்கு எதிர்ல நின்னு அவர் சொல்றதைக் கையில போடறான். எபின்னா எபனேசர், எங்க மொழிபெயர்ப்பாளர், அப்பா அம்மா ரெண்டு பேருமே எங்க ஆளுங்க, சர்ச்சுல பிரசங்கத்துக்குக் கை போட்டுப் பழகினவன். மத்த மொழிபெயர்ப்பாளர்கள் கை போட்டா வகுப்பு எடுக்கிற மாதிரி இருக்கும். எபி போட்டா வீட்டுல பேசுற மாதிரி. 'செவித்திறன் குறைபாட்டையும் மீறிச் சாதித்த சகோதரி'ங்கிறார் கன்வீனர், எபி அதைப் போடும்போது வாயை லேசாக் கோணி எனக்கு மட்டும் தெரியற மாதிரி ஒரு பழிப்புக் காட்டினான். வேற நாளா இருந்தா சிரிச்சிருப்பேன். எபிகிட்ட சொல்லிரலாமா? டேய், அந்த வீடியோவை எப்படியாச்சும் நிறுத்துடான்னு? எப்படிச் சொல்றது? கேக்கிறவங்களுக்குக் குசுகுசுன்னு ஒரு பேச்சு இருக்கு, பக்கத்துல போய்க் காதுல ஊதிட்டு வந்துருவாங்க. நான் இங்கேர்ந்து எபிகிட்ட கையைத் தூக்கினா முன்வரிசைக்கு ஒண்ணும் புரியாது, மூணாவது வரிசைக்கு அட்சரம் பிசகாமப் புரியும். எந்த ஆளுங்களுக்குத் தெரியக் கூடாதோ அவங்களுக்கு மட்டும் கேக்கிற மைக் என் கை. போனை எடுத்து மங்கை மேடத்துக்கு, என் நெறியாளருக்கு, மெசேஜ் போட்டேன். மேடம், வீடியோ வேண்டாம், அந்தப் பெண்ணின் குடும்பம் அரங்கில் இருக்கிறது, ப்ளீஸ். மேடம் கண்ணாடியை ஏத்திவிட்டுப் படிச்சாங்க. திருப்பி அனுப்பினாங்க. 'முகம்தான் மறைச்சாச்சே. உன்னோட பலமே அதுதான். டென்ஷன் ஆகாதே.' அனுப்பிட்டு என்னைப் பாத்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாங்க.

நல்லவங்கதான் மேடம். மோசமானவங்க இல்ல. முதல் வருஷம் மொழிபெயர்ப்பாளர் இல்லாம வகுப்புல பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தப்ப, யூனிவர்சிட்டிக்கு எழுதிக் கேட்டது அவங்கதான். அதே மேடம்தான் என்னைக் கருத்தரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போய், அவங்க மைக்ல பேசப் பேச நான் பக்கத்துல நின்னு கையை ஆட்டிக் காட்டணும்னு நிக்க வச்சது. கட்டுரையில கடைசியில 'தகவலாளர்'னு என் பேர். நான் சேகரிச்சது, நான் பிரிச்சு எழுதினது, ஆனா தகவலாளர். சங்கத்துல போய் இதைச் சொன்னா அவங்களுக்குப் புரியாது, பேர் வந்திருக்கே, சந்தோஷம்னாங்க. அங்க போனா நான் பாதிக் கேக்கிறவ, இங்க வந்தா முழுச் செவிடு. ஆறு வயசு வரைக்கும் எனக்குக் காது கேட்டுது, அப்புறம் காய்ச்சல் வந்து போச்சு, அதுக்குள்ள தமிழ் ஒட்டிக்கிச்சு. அந்த ஆறு வருஷத்தை வச்சுத்தான் இத்தனை தூரம் வந்திருக்கேன். பூங்கோதைக்கு அது கிடைக்கலை, பிறந்ததுலேர்ந்தே கேக்காது, அவ்ளோதான் வித்தியாசம். மத்தபடி என்னைவிட நூறு மடங்கு புத்தி அவளுக்கு. அவ ஜவுளிக் கம்பெனியில செக்கிங் டேபிள்ல நிக்கிறா, நான் மேடையில நிக்கிறேன்.

ஸ்லைடு போயிட்டிருக்கு. நான்தான் பேசிட்டிருக்கேன், கை பாட்டுக்குப் போகுது. எபி இப்ப எனக்குப் பக்கவாட்டுல நின்னு என் கையைப் பாத்து மைக்ல சொல்றான். அவன் வாயில நான் எப்படி இருக்கேனோ, ஆம்பளைக் குரல்ல. எங்க பள்ளிக்கூடத்தைப் பத்திச் சொல்றேன். ஊர் பேர் கிடையாது, தீசிஸ்ல 'பள்ளி ஒன்று'. அங்க கை அசைக்கக் கூடாது. கையால பேசினா அடி. கண்ணாடி முன்னாடி நின்னு ப, ப, பன்னு உதட்டால காத்து ஊதிப் பழகணும், தாள் பறந்தா பேச்சு வந்துடுச்சுன்னு அர்த்தம். அதனால விடுதிப் பொண்ணுங்க நாங்க இடுப்புக்குக் கீழ பேசினோம். பாவாடை மடிப்புல, பெஞ்சுக்கு அடியில, சின்னச் சின்னதா. அதுதான் என் ஆராய்ச்சி, அப்படி ஒளிச்சு வச்ச சைகைங்க எப்படி வெளிய வந்து ஊர்ல எல்லாரும் பேசுற சைகையாச்சுங்கிறது. மூணாவது வரிசையில எல்லாரும் கண்ணு விரியப் பாக்குறாங்க. அவங்க கதை மேடையில ஓடுது. ஒருத்தி அழறா. ஆரோக்கியம் அண்ணன் ஆமா ஆமான்னு கையை ஆட்டிக்கிட்டே இருக்கார். இப்ப நான் எல்லாரையும் சந்தோஷப்படுத்திட்டு இருக்கேன். கேடுகெட்ட சந்தோஷம்.

கையை இடுப்புப் பக்கம் வச்சு விரலை மடக்கி ரெண்டு தரம் ஆட்டினா எங்க ஊர்ல 'பாத்து, ஜாக்கிரதை'ன்னு அர்த்தம். தினம் போடறது. பிள்ளை ரோட்டுக்கு ஓடினா போடுவோம், வண்டி எடுக்கிறவனுக்குப் போடுவோம், தனபாலே அவன் மகளுக்குப் போடறதை நான் பாத்திருக்கேன். அது எங்கேர்ந்து வந்துதுன்னு யாருக்கும் தெரியாது. பூங்கோதைக்குத் தெரியும். அவதான் அதை உண்டாக்கினா. அது சாவிக்கொத்து. விடுதி வார்டன் இடுப்புல தொங்குற சாவிக்கொத்து. எங்களுக்குச் சத்தம் கேக்காதுன்னு அவனுக்குத் தெரியும், அதனால அவன் மெதுவா நடக்கவே மாட்டான், ஜலங்கு ஜலங்குன்னு தைரியமா வருவான். ஸ்டோர் ரூம் பக்கம் அவன் திரும்பினா, பெரிய பொண்ணு பூங்கோதை பாவாடை மறைவுல மடக்கின கையை ரெண்டு தரம் ஆட்டுவா. சின்னப் பிள்ளைங்க நாங்க எந்திரிச்சு ஓடிருவோம். நானும் ஓடியிருக்கேன். எதுக்கு ஓடுறோம்னு தெரியாது, அக்கா ஆட்டினா ஓடணும், அவ்ளோதான் தெரியும். ஓடி வெளிய வேப்பமரத்துகிட்ட நின்னு மூச்சு வாங்குவோம், ஒருத்தரை ஒருத்தர் தொட்டு விளையாட ஆரம்பிச்சிருவோம். அவ எங்கன்னு ஒரு நாளாவது திரும்பிப் பாத்தோமா? அந்த ஆள் செத்தாச்சு. பள்ளிக்கூட ஹால்ல சந்தன மாலை போட்டுப் படம் மாட்டியிருக்காங்க.

அவ வீட்டு ஹால்லதான் எடுத்தேன், மஞ்சச் சுவர், தனபால் ஷிப்டுக்குப் போயிருந்தான். சைகை எப்படி வந்துதுன்னுதான் கேட்டேன், வேற ஒண்ணும் கேக்கலை. சாவிக்கொத்துன்னா. அப்புறம் நிறுத்தலை. சொல்லிக்கிட்டே போனா. கேமராவை அணைக்கணும்னு எனக்குத் தோணலை, தோணினாலும் கை வரலை. முடிச்சதும் முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, 'இதை எழுதிக்கோ. யாராச்சும் எழுதி வைக்கணும். ஆனா நான்னு தெரியக் கூடாது. அவருக்குத் தெரிஞ்சா நான் இல்ல'ன்னா. தெரியாதுக்கா, முகத்தை மறைச்சிருவோம்னேன். 'நீ படிச்சவ, உனக்குத் தெரியும்'னா. அப்புறம் எழுந்து போய் டீ போட்டா, முறுக்கு எடுத்து வச்சா, நானும் தின்னேன். தனபால் அடிக்கிறவன் இல்ல. குடிக்கிறவன் இல்ல. ஆனா அவன் ஒருத்தனா? எங்க உலகம் கைக்குட்டை அகலம். இங்க ஒருத்தனுக்குத் தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள வீடியோ கால்ல தூத்துக்குடி வரைக்கும் தெரியும். அதுவும் எங்க ஆளுங்க ஒளிச்சுப் பேசத் தெரியாதவங்க. குண்டா இருந்தா குண்டுன்னு பேரு, பல்லு போனா பல்லுன்னு பேரு, என்னைப் புருவ வெட்டுன்னாங்க, பூங்கோதைக்கு ஜடை நுனியைக் கடிக்கிற பேரு. ஆளுகிட்ட எது துருத்திக்கிட்டுத் தெரியுதோ அதுதான் பேரு, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. நாளைக்கு இதை வச்சு அவ பேரை மாத்திருவாங்க. அவ மகள் அந்தப் பேரைச் சொல்லித்தான் அம்மாவைக் கூப்பிடணும்.

அடுத்த ஸ்லைடு அது. தாண்டிப் போயிரலாம்னு ரிமோட்டை ரெண்டு தரம் அழுத்தினேன். மங்கை மேடம் கையைத் தூக்கிட்டாங்க. வெளித்தேர்வாளர் தேஷ்பாண்டே சாரும் நிமிர்ந்துட்டார், மராட்டியக்காரர், வெள்ளைத் தாடி, முன்னாடி என் தீசிஸ், அதுல கலர் கலராத் தாள் ஒட்டியிருக்கு. எபி அவர் சொல்றதைப் போடறான்: 'வீடியோ இருக்கணுமே, அதைத்தான் எதிர்பாத்துட்டு இருக்கேன்.' ஒரு எம்.ஏ. பையன் ஓடிப் போய் லைட்டை அணைச்சான். ஹால் இருட்டாச்சு. எபி காணாமப் போனான். அந்த இருட்டுல எனக்கு ஒரு வழி தெரிஞ்சுது. நான் கையை மேல தூக்கி ஆட்டினேன், லைட் லைட்டுன்னு. போட்டாங்க. 'லைட்டை அணைச்சா எனக்கு மொழிபெயர்ப்பாளர் தெரிய மாட்டார். நீங்க கேள்வி கேட்டா எனக்குக் கண்ணு இல்லாத மாதிரி. லைட் இருந்தா புரொஜெக்டர்ல படம் தெரியாது. அதனால வீடியோ வேண்டாம், தீசிஸ்ல படமா இருக்கு, விளக்கமும் இருக்கு.' அம்மாடி. முன்வரிசை மொத்தமும் ஐயோ பாவம்னு தலையை ஆட்டுச்சு. கன்வீனர் மன்னிப்புக் கேட்டார். எத்தனை வருஷமா இந்த லைட்டுக்காகச் சண்டை போட்டிருக்கேன், ஒருத்தரும் காதுல போட்டுக்கலை, இன்னைக்குப் பொய்யாச் சொன்னதும் உடனே கேக்குறாங்க. எபி என்னை ஒரு மாதிரிப் பாத்தான். அவனுக்கு என்னமோ தட்டுது. பூங்கோதை பக்கம் நான் பாக்கவே இல்ல. முடிஞ்சுது, தப்பிச்சோம்டி அக்கா.

தேஷ்பாண்டே சார் தாடியைத் தடவினார். எபி கை போட ஆரம்பிச்சான், ரொம்ப மெதுவா, அவனுக்கே பிடிக்காத மாதிரி: 'சரியான பேச்சு. வீடியோ வேண்டாம். நீங்களே கையால பேசுறவங்கதானே, அந்த வாக்கியங்களை நீங்களே சொல்லிக் காட்டுங்க. அதைவிட நல்ல சான்று எது?' மங்கை மேடத்துக்கு வாயெல்லாம் பல்லு. சரி, சொல்லலாம். வாக்கியம்தானே, யார் வேணா சொல்லலாம். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி, தட்டையா, மூஞ்சியில ஒண்ணும் இல்லாம சொல்லிட்டேன். பொண்ணுங்க விடுதி. ஒரு ஆள். சாவிக்கொத்து. எச்சரிக்கை. அப்புறம் பொதுவான சைகை ஆச்சு. சங்கத்து ஆளுங்க ஆச்சரியமா ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, அட, அதுவா இது! அவ்ளோதான். யாரும் யாரையும் தேடலை. தனபால் கூட, அப்படியான்னு பொண்டாட்டி பக்கம் திரும்பிக் கேட்டான். அவ தோளைக் குலுக்கினா. இதோட நிறுத்தியிருக்கணும். நிறுத்தியிருக்கணும் நான்.

தேஷ்பாண்டே சார் பக்கத்தைப் புரட்டினார். 'இது நீங்க சொல்றது. நான் கேட்டது அவங்க சொன்னது. இன்னொருத்தர் பேச்சைச் சொல்லும்போது பேசுறவர் தன் தோளை, பார்வையை, கையையே அவங்களுக்குக் கொடுத்துடறார், அப்படிக் கொடுக்கலைன்னா அது மேற்கோளே இல்ல, வெறும் தகவல்னு உங்க அஞ்சாவது இயல்ல எழுதியிருக்கீங்க. இந்தத் தீசிஸ்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது. ஆனா இப்ப நீங்க செஞ்சது தகவல். அப்ப உங்க வாதம் நிக்குமா?' பாவி மனுஷன், படிச்சிருக்கான். ஒவ்வொரு வரியாப் படிச்சிருக்கான். இந்த நாலு வருஷத்துல எத்தனை பேர் என்னைப் பாராட்டியிருக்காங்க, தன்னம்பிக்கை, விடாமுயற்சி, சகோதரி, முன்னுதாரணம், எல்லா எழவும் சொல்லியாச்சு, ஒருத்தராவது என் வாதம் நிக்குமான்னு கேட்டாங்களா? எனக்கு முதுகு நிமிர்ந்துருச்சு. மொத தடவையா என்னை ஒரு ஆளா மதிச்சு ஒருத்தர் என்கூடச் சண்டைக்கு வர்றார். நிக்கும் சார். ஏன் நிக்காது. நான் கண்டுபிடிச்சது சார் அது, எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல, ராப்பகலா அந்த வீடியோவை ஓட்டி ஓட்டி, ஒரு நொடியை ஒரு நாள் முழுக்கப் பாத்து, தோள் எப்ப இறங்குது கண்ணு எப்ப திரும்புதுன்னு வரைஞ்சு வரைஞ்சு நான் கண்டுபிடிச்சது. பாருங்க, காட்டுறேன்.

காட்டினேன். தோள் இறங்குச்சு. கண்ணு பக்கவாட்டுல, கதவுப் பக்கம் போச்சு, அங்க சாவிக்கொத்தோட அவன் வர்றான், நான் பெரிய பொண்ணு, என் காலடியில சின்னப் பிள்ளைங்க. கை பாவாடை மறைவுல ஆடுச்சு, ஒரு தரம், ரெண்டு தரம். ஓடுங்கடி. சின்னப் பிள்ளைங்களுக்கு நான் காட்டுவேன். அவங்க ஓடிருவாங்க. ஒவ்வொரு வார்த்தை முடிஞ்சதும் மணிக்கட்டு லேசாத் தொங்கி நின்னுது, பெருவிரல் ஒரு நொடி தாடையைத் தொட்டுட்டு அப்புறம் அடுத்த வார்த்தைக்குப் போச்சு, எத்தனை ஆயிரம் தடவை பாத்த கை, பிசகே இல்லாம வருது, எனக்கே புல்லரிச்சுது. எனக்கு அது பிடிச்சிருந்துது. சொல்லவே கூசுது, பிடிச்சிருந்துது. கடைசி வாக்கியம். எனக்குக் காட்ட யாரும் இல்ல. அதைப் போட்டு முடிச்சுட்டு, கையை இறக்கப் போறப்பதான் பாத்தேன், நான் இடது கையில பேசிட்டிருக்கேன். நான் வலது கைக்காரி. என் வலது கை சும்மா தொங்கிட்டிருக்கு. எங்க கூட்டத்துல இடது கையில பேசுறவ ஒருத்திதான்.

எபி கடைசி வாக்கியத்தை மைக்ல சொல்லலை. அதனால முன்வரிசைக்கு ஒண்ணும் தெரியாது, சின்னப் பிள்ளைங்க ஓடிப் போன வரைக்கும்தான் தெரியும். தேஷ்பாண்டே சார் எழுந்து நின்னு கை தட்டுறார், அவர் எழுந்ததும் எல்லாரும் எழுந்து தட்டுறாங்க, எம்.ஏ. பிள்ளைங்க போன்ல படம் பிடிக்குது. அவங்க நின்னதுல பின்னாடி மறைஞ்சுது, தலைகளுக்கு நடுவுல துண்டு துண்டாத் தெரியுது. மூணாவது வரிசையில ஒரு கை கூட அசையலை. எங்க வரிசை அப்படிச் சும்மா இருந்து நான் பாத்ததே இல்ல. ஆரோக்கியம் அண்ணன் குனிஞ்சு தரையைப் பாக்குறார். தனபால் பொண்டாட்டி பக்கம் திரும்பிட்டான், அவன் பின்மண்டைதான் எனக்குத் தெரியுது, அவன் என்ன கேக்குறான்னு தெரியலை, கேக்குறானான்னும் தெரியலை. மங்கை மேடம் ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டு டாக்டர், டாக்டர்னு வாயைப் பெரிசா அசைச்சுச் சொல்றாங்க. அவங்க தோளுக்கு மேல பூங்கோதையைப் பாத்தேன். அக்கா, நான் வேணும்னு செய்யலைன்னு கையைத் தூக்கப் போனேன், மேடம் ரெண்டு கையையும் சேத்துப் பிடிச்சிருந்தாங்க. அவ என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. கோபமா இருந்தா தாங்கியிருப்பேன். சிரிச்சா. ரேஷன் கடையில, ஆஸ்பத்திரியில, பஸ்ல, கேக்கிறவங்க ஏதாச்சும் வாயை அசைச்சுக்கிட்டு முன்னாடி நின்னா, எதுக்கு வம்புன்னு நாங்க எல்லாரும் தலையை ஆட்டி ஒரு சிரிப்பு சிரிப்போம். அந்தச் சிரிப்பை என்னைப் பாத்துச் சிரிச்சா.